பதினைந்து ஃபார்வர்டும் ஒரு போஸ்ட்கார்டும்

கேள்வி: அம்மா, வணக்கம். எனக்கு வயது 68. தபால் துறையில் 38 வருடம் வேலை பார்த்து போஸ்ட் மாஸ்டராக ஓய்வு பெற்றேன். வாலாஜாபேட்டையில் நானும் மனைவியும் மட்டும்தான். மகன் குடும்பம் பெங்களூரில், மகள் குடும்பம் திருப்பூரில். விடியற்காலை நாலே முக்காலுக்கு விழிப்பு வந்துவிடும். எழுந்ததும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் (மொத்தம் 11 பேர்) பொது அறிவுத் தகவல், புதிர், ஜோக், மனதில் பட்டது என்று ஒரு 15 ஐட்டம் போடுவேன். முன்பெல்லாம் பதில் வரும். இப்போது வெறும் கட்டை விரல். போன மாதம் மகன் போன் செய்து, "அப்பா, கொஞ்சம் குறைச்சுக்கோங்க, எல்லாரும் ம்யூட் பண்ணிட்டாங்க" என்றான். மனைவியோ, "பொழுது போகலைன்னா முருங்கைக்கீரையாவது ஆய்ஞ்சு கொடுங்க" என்கிறாள். புதிர் போட்டால் ஞாபகமறதி வராது என்று படித்ததால்தான் விடாமல் செய்கிறேன். அப்படியும் போன வாரம் ராணிப்பேட்டை பஸ் ஸ்டாண்டில், என்னோடு 22 வருடம் வேலை பார்த்தவர் எதிரே வர, பெயர் வரவில்லை. "வாங்க சார்" என்று சமாளித்தேன். இரண்டு மணி நேரம் கழித்து, சாப்பாட்டில் ரசம் ஊற்றும்போது பெயர் தானாக வந்தது. இது மறதி நோயின் ஆரம்பமா? நான் செய்வது பைத்தியக்காரத்தனமா? நிறுத்திவிடட்டுமா?

பதில்: வணக்கம் சார். கடிதத்தோடு ஒரு வாரத்து ஃபார்வர்டுகளை நோட்டுத் தாளில் அழகாகக் கையெழுத்தில் எழுதி அனுப்பியிருந்தீர்களே, அதற்கு முதலில் நன்றி. இருபத்தைந்து வருடமாக வேலூரில் முதியவர்களுக்கு மனநல ஆலோசனை சொல்கிறேன், ஆனால் கேஸ் ஃபைலைப் படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தது இதுதான் முதல் முறை. "ஒரு குகைக்குள் முப்பத்திரண்டு வீரர்கள், நடுவில் ஒரு நாகம்" என்ற பழைய விடுகதைக்குக் கீழே, "பல்லும் நாக்கும். என் குகையில் இப்போது பத்தொன்பது பேர்தான் டூட்டியில் இருக்கிறார்கள், மற்றவர்கள் வி.ஆர்.எஸ். வாங்கிவிட்டார்கள்" என்று எழுதியிருந்தீர்கள் பாருங்கள், அங்கேதான்.

பயத்தை முதலில் எடுத்துவிடலாம். பஸ் ஸ்டாண்டில் நடந்தது நோயின் ஆரம்பம் என்று நான் நினைக்கவில்லை. வயதாக ஆக மற்ற சொற்களைவிடப் பெயர்கள்தான் அதிகம் நழுவும், அதற்குக் காரணமும் இருக்கிறது. 'தபால்காரர்' என்று சொன்னால் சைக்கிள், காக்கிச் சட்டை, தோள் பை, வாசலில் மணிச் சத்தம் என்று பத்து நூல் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும், ஒன்று அறுந்தாலும் இன்னொன்று இழுத்து வந்துவிடும். ஒரு ஆளின் பெயருக்கு அப்படி ஒன்றும் கிடையாது, அது வெறும் ஒலி. அவர் எந்த கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தார், டீக்கு எத்தனை சர்க்கரை, அவர் பெண் கல்யாணம் எந்த மண்டபத்தில் நடந்தது என்பதெல்லாம் அந்த நிமிடமே உங்களுக்கு ஞாபகம் இருந்திருக்கும், இல்லையா? பெயர் மட்டும்தான் நாக்கு நுனியில் நின்றது. அப்புறம் ரசத்தோடு வந்தும் சேர்ந்துவிட்டது. தபால் தாமதமாக வந்தாலும் வந்துவிட்டால் அது தொலைந்த கணக்கில் வராது, இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எப்போது கவலைப்பட வேண்டும் என்றால், தினமும் போகிற தெருவில் வழி தெரியாமல் நின்றால், பத்து நிமிடத்துக்குள் அதே கேள்வியை மூன்று தடவை கேட்டு, கேட்டதே தெரியாமல் இருந்தால், கரண்ட் பில், பென்ஷன் கணக்கு மாதிரி கை பழகிய வேலை திடீரென்று குழம்பினால், மூக்குக் கண்ணாடி அரிசி டப்பாவில் கிடந்து அது எப்படி அங்கே போனது என்று உங்களுக்கே விளங்காமல் போனால். அதுவும் நீங்களே சொல்வதைவிட வீட்டில் இருப்பவர் சொன்னால் உடனே வாருங்கள். அப்படி வருகிறவர்களில் சிலருக்கு வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு, மன அழுத்தம் என்று சரிசெய்யக்கூடிய காரணமே கிடைப்பதும் உண்டு, அதனால் பயந்துகொண்டு தள்ளிப்போடக் கூடாது. உங்கள் கடிதத்தில் இதில் ஒன்றும் இல்லை. நான்கு பக்கத்தில் ஒரு அடித்தல் திருத்தல்கூட இல்லை.

சரி, புதிர் போட்டால் மறதி வராதா? நீங்கள் நம்பிக்கொண்டிருப்பதில் கொஞ்சம் கைவைக்கப் போகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்ட 2,832 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்து 2002இல் முடிவு வெளியானது. ஒரு பிரிவுக்கு ஞாபகப் பயிற்சி, ஒரு பிரிவுக்குத் தர்க்கப் பயிற்சி, இன்னொன்றுக்கு வேகமாகப் பார்த்துக் கண்டுபிடிக்கும் பயிற்சி, நான்காவது பிரிவுக்கு ஒன்றுமில்லை. யார் எதைப் பழகினார்களோ அதில் முன்னேறினார்கள், அவ்வளவுதான், ஒன்றில் வந்த திறமை பெரிதாக மற்றொன்றுக்குத் தாவவில்லை. அதாவது சுடோகு போட்டால் சுடோகு நன்றாக வரும். பஸ் ஸ்டாண்டில் பெயர் வருமா என்றால், அது வேறு கவுன்ட்டர்.

அதற்கடுத்த வருடம், 75 வயதைத் தாண்டிய 469 பேரைப் பல வருடம் பின்தொடர்ந்த இன்னொரு ஆய்வு வந்தது. புத்தகம் படித்தவர்கள், பலகை விளையாட்டு ஆடியவர்கள், இசைக்கருவி வாசித்தவர்கள், நடனம் ஆடியவர்கள், இவர்களுக்கெல்லாம் மறதி நோய் குறைவாக வந்திருக்கிறது. ஆகா என்று துள்ள வேண்டாம், இதில் ஒரு சிக்கல் இருக்கிறது: ஆடியதால் மூளை நன்றாக இருந்ததா, மூளை நன்றாக இருந்ததால் ஆடினார்களா என்பதை இந்த மாதிரி ஆய்வால் முழுதாகப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பட்டியலைப் பாருங்கள், பலகை விளையாட்டுக்கு எதிரில் ஒரு ஆள் வேண்டும். நடனத்துக்குப் பெரும்பாலும் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். நம் ஊர் தாயக்கட்டத்துக்கு எதிராளியோடு, திருட்டு ஆட்டம் ஆடுகிறாரா என்று பார்க்க ஒரு நடுவரும் வேண்டும்.

2024இல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு, நம்மால் ஏதாவது செய்யக்கூடிய 14 காரணங்களைப் பட்டியல் போட்டு, அத்தனையையும் சரிசெய்ய முடிந்தால் உலகில் மறதி நோயில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வழி இருக்கிறது என்றது. சர்க்கரை, ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, புகை, மது, உடல் உழைப்பு இல்லாமை என்று எதிர்பார்க்கிற பெயர்களோடு, காது மந்தம், பார்வைக் குறைவு, தனிமை ஆகியவையும் அதில் உண்டு. பதினான்கையும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். புதிர் போடாமை என்று ஒன்று அதில் இல்லை, தனிமை இருக்கிறது.

காது என்றதும் என் வீட்டுக் கதை ஒன்று. என் அப்பா குடியாத்தத்தில் தலைமை ஆசிரியராக இருந்தவர், ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் விடுகதை போடாமல் கை நனைக்க மாட்டார். எழுபதைத் தாண்டியதும் அது மெல்ல நின்றுபோனது. ஒன்று கேட்டால் வேறொன்று சொல்வார், பேச்சு நடக்கும்போது தட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பார். எனக்குப் பகீர் என்றது. சுவரில் இரண்டு பட்டம் மாட்டியிருக்கிறேன் அல்லவா, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை எதிரே உட்கார வைத்து ஞாபகச் சோதனை எடுத்தேன். ஐந்து சொல் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்க வேண்டும். நான் பட்டு என்றேன், அவர் தட்டு என்றார். நான் வண்டி என்றேன், அவர் நண்டு என்றார். மார்க் பாதாளத்தில். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போகச் சொன்னது யார் தெரியுமா, படிப்பு வாசனையே இல்லாத என் அம்மா: "அவருக்குக் காது விழலைடி, டிவியை எவ்ளோ சத்தமா வைக்கிறார் பார்." இரண்டு காதும் மந்தம். காது மிஷின் மாட்டிய அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "இந்த ஃபேன் இவ்ளோ சத்தமா போடுது, ஏன் யாரும் சொல்லலை?" அடுத்த வாரமே சாப்பாட்டில் விடுகதை திரும்பி வந்துவிட்டது, பழையதேதான். அன்றைக்கு நாங்கள் யாரும் "இது தெரியுமே" என்று சொல்லவில்லை.

அதனால் சார், முதல் வேலை காதைச் சோதித்துக்கொள்வது. நீங்கள் கடிதத்தில் போகிற போக்கில் "போனில் பேத்தி பேசுவது சரியாகப் புரிவதில்லை, அதனால் டைப் செய்துவிடுவேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை நான் அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன். கண்ணையும் கூடவே பார்த்துவிடுங்கள்.

இனி குரூப் விஷயம். பைத்தியக்காரத்தனம் என்று யார் சொன்னது? 38 வருடம் ஒரு ஊரின் செய்தியெல்லாம் உங்கள் மேஜை வழியாகப் போயிருக்கிறது. ஒரு நாள் மாலை போட்டு, சால்வை போர்த்தி அனுப்பிவிட்டார்கள், ஆனால் கை மட்டும் இன்னும் முத்திரை குத்திக்கொண்டே இருக்கிறது. அதில் தப்பில்லை. தப்பு எங்கே என்றால் அனுப்புகிற முறையில். நீங்கள் காலையில் 11 பேருக்கு 15 ஐட்டம் போடுவது பழைய புக் போஸ்ட் மாதிரி, எல்லாருக்கும் ஒரே அச்சடித்த சரக்கு. விதை கம்பெனி சுற்றறிக்கைக்கு யாராவது பதில் எழுதி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? புதிர் என்பது பழைய பதிவுத் தபால் ஜாதி. ஒரு ஆள் பெயருக்குப் போக வேண்டும், அவர் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும், ஒப்புகை அட்டை திரும்பி வரும்வரை அனுப்பியவர் காத்திருக்க வேண்டும். காலையில் கேள்வியையும் மத்தியானத்துக்குள் பதிலையும் நீங்களே போட்டுவிட்டால் மற்றவர்களுக்கு என்ன வேலை இருக்கிறது, கட்டை விரல் காட்டுவதைத் தவிர?

உங்கள் சரக்கு மட்டமில்லை என்பதற்கு ஒரே உதாரணம், நீங்களே தயாரித்த அந்தக் கேள்வி: "பிறந்த வீட்டை விட்டு ஒரு ராத்திரிகூட வெளியே தங்காத கிழவி நான்கு மாவட்டத்தில் வாழ்ந்தாள், எப்படி?" வட ஆற்காடு, 1989இல் அது பிரிந்து வட ஆற்காடு அம்பேத்கர், அப்புறம் வேலூர், 2019இல் ராணிப்பேட்டை. வாலாஜாவில் உட்கார்ந்திருக்கிற ஆளுக்குத்தான் இப்படி ஒரு கேள்வி தோன்றும். அந்தக் கிழவியின் அப்பா காலத்தில், 1911க்கு முன்னால், கலெக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் சித்தூருக்குப் போக வேண்டும், மாவட்டத் தலைநகரம் அங்கேதான் இருந்தது. இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், என் பங்கு.

மக்கன் பேடா இனிப்பை வைத்து நீங்கள் எழுதியிருந்த கணக்கையும் போட்டுப் பார்த்தேன். தாத்தா தன்னிடமிருந்த பேடாவில் பாதியும் அரை பேடாவும் மூத்த பேரனுக்குக் கொடுக்கிறார், மீதியில் பாதியும் அரை பேடாவும் நடுவிலவனுக்கு, அதில் மீதியில் பாதியும் அரை பேடாவும் கடைக்குட்டிக்கு, ஒன்றும் மிஞ்சவில்லை, எந்தப் பேடாவையும் உடைக்கவும் இல்லை. நான் முதலில் எட்டு என்று போட்டு ஜீராவில் கையை விட்டுக்கொண்டேன். ஏழு என்று கண்டுபிடிக்க நான்கு நிமிடம் ஆனது. நான்கு, இரண்டு, ஒன்று. அந்த நான்கு நிமிடம் நன்றாக இருந்தது சார், வெளியே இரண்டு பேர் காத்திருந்தும். இப்படிப்பட்டதை, 'காலை வணக்கம்' ரோஜாப்பூ, பூண்டின் மகிமை, நாட்டு நடப்பு இவற்றுக்கு நடுவே ஒன்பதாவது ஐட்டமாகச் சொருகினால் யார் கண்ணில் படும்?

இன்னொன்று, அனுப்புவதற்கு முன்னால் சலித்து அனுப்புங்கள். மனிதன் மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறான் என்று செவ்வாய்க்கிழமை போட்டிருக்கிறீர்கள், அது பொய். உடல் எடையில் இரண்டு சதவீதம்தான் மூளை, உடம்பு செலவழிக்கிற சக்தியில் ஏறத்தாழ இருபது சதவீதத்தைத் தின்கிறது, முக்கால்வாசி மூளை சும்மா கிடந்தால் இவ்வளவு சாப்பாடு எதற்கு? சீனப் பெருஞ்சுவர் நிலவிலிருந்து தெரியும் என்பதும் பொய். நம் வேலூரைப் பற்றிய பழைய கிண்டலையும், "நீரில்லா ஆறு, மரமில்லா மலை, மன்னனில்லா கோட்டை, சாமியில்லா கோயில்" என்று போட்டிருக்கிறீர்கள். சொல்ல நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கோட்டைக் கோயில் சாமி ஜலகண்டேஸ்வரர் 1981இலேயே கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார், பாலாறும் 2021 நவம்பரில் கரை புரண்டு வந்து "யாரை நீரில்லா ஆறு என்கிறாய்" என்று கேட்டுவிட்டுப் போனது. விலாசம் தப்பாக இருந்தால் நீங்கள் சேர்ப்பிக்க மாட்டீர்கள் அல்லவா, திருப்பி அனுப்புவீர்கள். அதே வேலைதான் இங்கேயும்.

அப்புறம் அந்த மனைவி ஜோக்குகள். வாரத்தில் ஆறு எண்ணினேன். அந்த 11 பேரில் உங்கள் வீட்டம்மாவும் ஒருவர், மருமகளும் ஒருவர். முருங்கைக்கீரை எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா? உங்கள் சொந்தப் பல்லை வைத்து நீங்கள் அடித்த ஒரு ஜோக்குக்கு அந்த ஆறும் உறை போடக் காணாது. கீரையையும் ஆய்ந்து கொடுங்கள். எதிரே உட்கார்ந்து ஆயும்போதே ஒரு விடுகதை போடுங்கள், பதில் தெரிந்தாலும் தெரியாத மாதிரி அவர் கொஞ்ச நேரம் விளையாட்டுக் காட்டுவார், நாற்பது வருடப் பழக்கம், உங்களுக்குத் தெரியாததா.

பெங்களூர் பேத்திக்கு ஒன்பது வயது, தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள் என்று எழுதியிருந்தீர்கள். அவள் பெயருக்கு, குரூப்புக்கு அல்ல, வாரம் ஒரு போஸ்ட்கார்டு போடுங்கள். பெரிய எழுத்தில் ஒரே ஒரு கேள்வி, பதில் ஞாயிற்றுக்கிழமை போனில். அவள் வீட்டுக்கு அவள் பெயரில் இதுவரை ஒரு தபால் வந்திருக்காது என்று பந்தயம் கட்டுகிறேன். முதல் கார்டுக்கு பின்கோடையே எடுத்துக்கொள்ளலாம்: 1972 ஆகஸ்ட் 15இல் வந்தது, அதன் முதல் எண் மண்டலம், மூன்று எண் சேர்ந்தால் பிரிப்பு மாவட்டம், கடைசி மூன்றும் பட்டுவாடா செய்கிற தபால் அலுவலகம். தாத்தா வீட்டுக்கு 632இல் தொடங்குகிறது, அவள் வீட்டுக்கு 560இல், முதல் எண் ஏன் வேறு என்று கேட்டுப் பாருங்கள். முக்கியமான நிபந்தனை, பதிலை நீங்கள் சொல்லக் கூடாது. அவள் தப்பாகச் சொன்னால் "கிட்ட வந்துட்ட" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த ஞாயிறு வரை பொறுங்கள். காதுச் சோதனையை அதற்குள் முடித்துவிட்டால் அவள் சொல்வதும் கேட்கும்.

குரூப்பை விட்டு விலக வேண்டாம், அப்படி விலகினால் அதற்கும் பெங்களூரிலிருந்து போன் வரும், "அப்பா கோபமா?" என்று. வாரத்துக்கு இரண்டு, உங்கள் சொந்தச் சரக்கு, காலை எட்டு மணிக்கு மேல். நாலே முக்காலுக்கு விழிப்பு வந்தால் போனைத் தொடாமல் வாசல் தெளிக்கிற நேரம்வரை நடந்துவிட்டு வாருங்கள்.

மீதிச் சரக்கை எங்கே கொட்டுவது? வேலூர் கோட்டை அகழி ஓரத்தில் காலையில் நான் நடக்கும்போது ஒரு சிமென்ட் பெஞ்சைத் தாண்டித்தான் போக வேண்டும். நான்கைந்து பெரியவர்கள். ஒருவர் தினசரியின் குறுக்கெழுத்தைச் சத்தமாகப் படிப்பார், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பதில் சொல்லிச் சண்டை போடுவார்கள், ஒருவர் எப்போதும் "கட்டத்தை எண்ணுய்யா முதல்ல" என்பார். பேனா ஒன்றுதான், அதை யார் வைத்துக்கொள்வது என்பதில் தினமும் தகராறு. அவர்களில் ஒருவர் ஒரு நாள் வரவில்லை என்றால் எட்டு மணிக்குள் அவர் வீட்டுக்கு ஆள் போய்விடுகிறது. எனக்கு அந்தப் பெஞ்சைப் பற்றி இதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை, போய்ப் பாருங்கள், அவ்வளவுதான்.

வாலாஜாவில் அப்படி ஒரு பெஞ்ச் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இல்லையென்றால் நீங்களே போடுங்கள். என் யோசனை, வாலாஜா ரோடு ரயில் நிலையம். 1856 ஜூலை 1ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணி ரயில் ராயபுரத்திலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் ஓடி வந்து நின்ற இடம், உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. பிளாட்பாரம் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஒரு மாலை போய் உட்காருங்கள், ஆனால் தனியாக வேண்டாம். பஸ் ஸ்டாண்டில் பார்த்தீர்களே, ரசம் ஊற்றும்போது பெயர் வந்த அந்த 22 வருட நண்பர், அவரைக் கூப்பிடுங்கள். போன் நம்பர் இல்லையென்றால் பழைய ஆபீஸில் கேட்டால் கொடுப்பார்கள். பெயர் மறந்துவிட்டது என்பதையும் அவரிடமே சொல்லிவிடுங்கள். அவர் மட்டும் உங்களைப் பெயர் சொல்லியா கூப்பிட்டார்? எனக்கு அதில் கொஞ்சம் சந்தேகம் இருக்கிறது.

போகும்போது எடுத்துக்கொண்டு போக ஒரு கணக்கு தருகிறேன். புவிசார் குறியீடு வாங்கிய இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயை ஒரு அம்மா விற்கிறார். இரண்டு தட்டுத் தராசு ஒன்று, எடைக்கல் நான்கே நான்கு. அந்த நான்கை வைத்தே ஒரு கிலோவிலிருந்து நாற்பது கிலோ வரை எந்த முழு எடையையும் ஒரே தடவையில் நிறுத்துக் கொடுக்கிறார். நான்கு கல்லும் என்னென்ன எடை? கல்லை எந்தத் தட்டில் வேண்டுமானாலும் வைக்கலாம், இதுதான் குறிப்பு. நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடித்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, போஸ்ட்கார்டில் எனக்கு அனுப்புங்கள். குரூப்பில் போட வேண்டாம்.